பட்டதை அறிந்த இருவர்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையில், நீடாமங்கலத்துக்கு முன்னால் கோவில்வெண்ணி என்று ஓர் ஊர். சர்க்கரை நோய்க்காரர்கள் அங்கே கரும்பேசுவரரைக் கும்பிட வருவார்கள். ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புகளுக்குப் போடுவார்கள். அந்த ஊருக்கு அதைவிடப் பழைய பெருமை ஒன்று உண்டு. கரிகால் சோழன் பெரும்போர் செய்து வென்ற வெண்ணி அதுதான் என்பார்கள். வென்ற மன்னனைப் பாடியவர்களில் ஒருவர் அந்த ஊரின் பெயரையே தன் பெயரில் கொண்ட பெண், வெண்ணிக்குயத்தியார். புறநானூற்றின் 66-ஆம் பாட்டு அவருடையது. அதில் அவர் கரிகாலனை நேராக விளிக்கிறார். நீ வென்றாய், வெற்றியின் புகழ் உன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, முதுகில் புண்பட்டதற்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர் விட்டானே, உன்னிடம் தோற்ற அந்தச் சேரன், அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டுவிடுகிறார்.

அந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நடுவராகவும் விசில் ஊதியிருக்கிறேன். இந்தப் பாட்டைத் தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் நடத்தியதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. ஸ்கோர் ஷீட்டில் தோற்றவன் என்று எழுதப்பட்ட ஒருவனை, வென்றவனின் முகத்துக்கு நேரே ‘நல்லவன்’ என்று எந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியும்? அந்தக் கணக்கைத்தான் ‘நல்ல விளையாட்டு உணர்வு’ என்று பரிசளிப்பு விழாக்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். கைகுலுக்குவது, புன்னகைப்பது, ‘வெற்றி தோல்வி சகஜம்’ என்பது. இவையெல்லாம் நல்ல பழக்கங்கள். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு செய்கிற காரியங்கள். விளையாட்டின் அறம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, மூச்சு இரைக்கும்போதே, யாரும் பார்க்காத ஒரு நொடியில் தீர்மானமாகிவிடுகிறது.

சேரனிடம் நான் மதிப்பது அவன் இறந்ததை அல்ல. தோல்விக்காக உயிரை விடுவதை என் பிள்ளைகள் யாருக்கும் நான் சொல்லித்தரமாட்டேன். தோற்றவள் அடுத்த நாள் காலையில் பயிற்சிக்கு வர வேண்டும். நான் மதிப்பது வேறு. அவன் மீது யாரும் குற்றம் சாட்டியதாகப் பாட்டில் இல்லை. போர்க்களத்துக் கூட்டத்தில் ஆயுதம் எங்கே பாய்ந்தது என்று யார் பார்த்தார்கள் என அவன் சும்மா இருந்திருக்கலாம். தனக்கு நேர்ந்தது என்ன என்று தானே முடிவு செய்தான். தனக்குத் தானே நடுவராக நின்றான். வெண்ணிக்குயத்தியார் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

கபடி தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதில் பாதிக்குள் ஏழு பேர் நிற்க, எதிரணியிலிருந்து ஒருத்தி மூச்சுக்கட்டிப் பாடிக்கொண்டு உள்ளே ரெய்டு வருகிறாள். அவளுக்கு 30 நொடி. அந்த நேரத்துக்குள் கால் நீட்டுவாள், கை வீசுவாள், திரும்புவாள், ஏமாற்றுவாள். எட்டு உடம்புகள் ஒரே இடத்தில் குழம்பும்போது விரல் நுனி ஒரு முதுகில் உரசியதா இல்லையா என்பதை இரண்டு பக்கமும் நிற்கிற அம்பயர்கள் முழுமையாகப் பார்த்துவிட முடியாது. தொலைக்காட்சியில் வருகிற போட்டிகளில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பள்ளி மைதானத்தில் கேமரா கிடையாது. பட்டதா என்பது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: தொட்டவளும் தொடப்பட்டவளும். சில சமயம் தொட்டவளுக்கே தெரியாது. தொடப்பட்டவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அப்படி ஒரு நொடியை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குறுவட்ட அளவிலான இறுதி ஆட்டம். மண் களம். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. இரண்டு அணியும் சமப் புள்ளியில் நின்றன. கடைசி ரெய்டு எதிரணியுடையது. வந்த பெண் இடது மூலையைக் குறிவைத்துக் காலை நீட்டினாள். எங்கள் மூலைப் பெண் பின்வாங்கித் திரும்பினாள். ரெய்டர் கையை ஒரு வீச்சு வீசிவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடிப்போனாள். அம்பயர் கையை அசைத்தார்: புள்ளி இல்லை. ரெய்டரும் கையைத் தூக்கவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எங்கள் பக்கம் மூச்சு விட்டார்கள். அப்போது அந்த மூலைப் பெண் வலது கையை உயர்த்தினாள். “சார், பட்டுச்சு” என்றாள். முதுகைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தாள். அம்பயர் அவளையும் என்னையும் பார்த்துவிட்டுப் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

மைதானத்து ஓரத்தில் பெரிய சத்தம். ஒரு பிள்ளையின் அப்பா என்னிடம் வந்து கேட்டார்: “அம்பயரே குடுக்கல டீச்சர். இது ஏன் தானா வெளிய போகணும்? பாக்குறதுக்குத்தானே அவர நிறுத்தி வெச்சிருக்கு?” அந்தப் பக்கத்து ரெய்டர் நேராக எங்கள் மூலைப் பெண்ணிடம் வந்து, “எப்படிக்கா சொன்னீங்க?” என்று கேட்டாள். “பட்டுச்சுல்ல, அதான்” என்று சொல்லிவிட்டு இவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அந்த அப்பாவின் கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. படித்தவர்களும் இதையே வேறு சொற்களில் கேட்பார்கள். ஆட்டக்காரருக்கு ஆடுகிற வேலை, நடுவருக்குத் தீர்ப்புச் சொல்கிற வேலை. வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வாதாடுகிறார், நீதிபதி தீர்ப்பளிக்கிறார், அதுபோல அவரவர் வேலையை அவரவர் செய்தால் நியாயம் தானாக வந்துவிடாதா? வராது என்பது என் அனுபவம். ஏன் வராது என்று யோசித்தால், விளையாட்டு எதனால் ஆனது என்ற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

மழை பெய்தால் அழிந்துபோகிற ஒரு சுண்ணாம்புக் கோடு. அதைத் தாண்டினால் அவுட் என்று இயற்கை சொல்லவில்லை. நாம் பதினான்கு பேர் ஒப்புக்கொண்டோம். தொட்டால் அவுட் என்பதும் ஒப்பந்தம்தான். மூச்சு விடாமல் பாட வேண்டும் என்பதும் அப்படித்தான். அரிசிக்கும் நிலத்துக்கும் சண்டை போடுகிறவர்கள் பொய் சொல்லி ஜெயித்தாலும் கையில் அரிசி இருக்கும், நிலம் இருக்கும். கபடியில் பொய் சொல்லி ஜெயித்தால் கையில் என்ன இருக்கிறது? தொட்டால் அவுட் என்ற ஒப்பந்தத்தை மதிக்காத நொடியிலேயே அந்த ஆட்டம் இல்லாமல் போய்விட்டது. இல்லாத ஆட்டத்தில் எப்படி வெல்வது? கோப்பை வரும், சான்றிதழ் வரும், செய்தித்தாளில் படம் வரும். ‘அவளைவிட நான் நன்றாக ஆடினேன்’ என்பது மட்டும் வராது. அதை எடுத்துக்கொள்ளத்தானே களத்துக்கே வந்தோம்? நடுவர் எத்தனை கூர்மையானவராக இருந்தாலும் இந்த ஒப்பந்தத்தை வெளியிலிருந்து காப்பாற்ற முடியாது. அவர் பார்க்கத் தவறுகிற இடங்களை ஆடுகிறவர்கள்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் கீதை எனக்கு உதவியது. வெற்றி, தோல்வி இரண்டையும் சமமாகக் கொள் என்று கண்ணன் சொல்வது இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அதை மேடையில் எடுத்துச் சொல்கிறவர்கள் பலர், ‘முடிவைப் பற்றிக் கவலைப்படாதே, சும்மா ஆடு’ என்கிற பொருளில் சொல்கிறார்கள். தோற்ற அணியை ஆறுதல்படுத்த அது வசதியாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் யாரிடம், எப்போது சொல்லப்பட்டது? வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டவனிடம், எழுந்து போரிடு என்பதற்காகச் சொல்லப்பட்டது. சமமாகக் கொண்டு, பிறகு போரிடு. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இல்லாத பிள்ளை கணுக்காலைப் பிடிக்கும்போது பாதியில் விட்டுவிடும். அப்படி ஆடுவது எதிரணிக்கும் அவமானம். ஆகவே ஜெயிக்க ஆசைப்படாதே என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு அந்தச் சமநிலை எதற்கு? ஒரே ஒரு நொடிக்கு. முதுகில் விரல் பட்டுவிட்டது, அம்பயர் பார்க்கவில்லை, ஆட்டம் சமநிலையில் நிற்கிறது. அந்த நொடியில் வெற்றியும் தோல்வியும் ஒரே எடையாக இருந்தால் மட்டுமே, பட்டது பட்டதாக வாயில் வரும். வெற்றி ஓர் இம்மி அதிகம் கனத்தாலும் நாக்கு புரண்டுவிடும். துறவிகள் ஆயுள் முழுவதும் பழகுகிற ஒன்றை, பதின்மூன்று வயதுப் பெண் மூச்சிரைத்துக்கொண்டு ஒரு நொடி செய்துகாட்டினாள். அந்த நொடிக்கு முன்னும் பின்னும் அவள் ஜெயிக்கத்தான் துடித்தாள். எனக்குத் தெரிந்த வரையில் கீதை சொல்லும் சமத்துவத்தை உடம்பால் பழகுவதற்கு விளையாட்டு மைதானத்தைப் போல வேறு இடம் இல்லை.

உண்மையை அளவுகோலாக வைத்துக்கொண்டால், கிரிக்கெட்டில் பல காலமாகக் குழப்புகிற ஒரு விவாதமும் தெளிந்துவிடுகிறது. 1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய பொன்விழா டெஸ்ட். குண்டப்பா விஸ்வநாத் இந்தியாவின் கேப்டன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தத்தளித்தது. அப்போது பாப் டெய்லரை விக்கெட் கீப்பர் பிடித்ததாக நடுவர் அவுட் கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று விஸ்வநாத்துக்கு உறுதி. நடுவரிடம் சொல்லி டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். மறுமுனையில் இயன் போத்தம் சதமடித்து 114 எடுத்தார். இருவரும் சேர்ந்து எடுத்தது 171. இங்கிலாந்து 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதற்காக விஸ்வநாத் தன் செயலை மாற்றிச் சொன்னதாக நான் படித்ததில்லை.

2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டம். பந்து வீச வந்த நம் அஸ்வின், மறுமுனையில் கோட்டை விட்டு வெளியே போயிருந்த ஜாஸ் பட்லரை ரன் அவுட் ஆக்கினார். விளையாட்டின் உணர்வுக்கு விரோதம் என்று உலகமெங்கும் கண்டனம். விஸ்வநாத்தைப் பாராட்டுகிறவர்களே அஸ்வினைத் திட்டினார்கள். எனக்கு இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது. அன்றைக்குப் பட்லர் விஷயத்தில் அஸ்வின் தாமதித்தாரா என்ற வாதம் தனி. அதை நடுவர்கள் பார்க்கட்டும். பொதுவான விதியைப் பற்றிச் சொல்கிறேன். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே ஓர் அடி முன்னால் போய் நிற்பவர் இல்லாத ஓர் அடியை எடுத்துக்கொள்கிறார். அதை நிறுத்துகிறவர் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லவில்லை. விஸ்வநாத் மட்டையில் படாத பந்தைப் படவில்லை என்றார். வெளியே இருந்தவரை வெளியே இருக்கிறார் என்று காட்டுவதும் அதே வகை. இந்த முறைக்கு எந்த வீரரின் பெயரைச் சூட்டினார்களோ அந்த வினு மன்கட், 1947 டிசம்பரில் சிட்னியில் பில் பிரவுனை இப்படி ஆட்டமிழக்கச் செய்தபோது, எதிரணிக் கேப்டன் டான் பிராட்மனே மன்கட்டின் பக்கம் நின்றார். 2022-இல் கிரிக்கெட் விதிகளைத் திருத்தியவர்கள் இதை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவில் சேர்த்தார்கள். சரியான காரியம். விதிப்புத்தகத்தில் இருக்கிற ஒன்றைச் செய்தவரை நாகரிகம் இல்லாதவர் என்று சொல்லும்போது, அந்த நாகரிகத்தை யார் வகுத்தார்கள், யாருக்கு அது சின்ன வயதிலேயே வீட்டில் சொல்லித்தரப்பட்டது என்று கேட்க வேண்டும். எழுதிய விதி ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். எழுதாத நாகரிகம் சிலருக்கு மட்டுமே தெரியும். எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒன்றே ஒன்று, நடந்தது நடந்ததுதான் என்பது.

சரி, பொய் சொல்லாமல் இருந்துவிட்டால் போதுமா? போதாது என்று எனக்குக் காட்டியது கம்பராமாயணத்து வாலி.

வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா என்று நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் எத்தனையோ பேர் வாதாடியிருக்கிறார்கள். கம்பர் அந்தக் கேள்வியை ஒளிக்கவில்லை. விழுந்து கிடக்கிற வாலியின் வாயிலேயே குற்றச்சாட்டை முழு வலிமையோடு வைக்கிறார். மறைந்து நின்றது ஏன் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்வது ராமன்கூட இல்லை, இலக்குவன். கடவுளாகக் கும்பிடப்படுகிறவர் மீதே ‘இது ஆட்ட விதிக்குப் பொருந்துமா’ என்று கேட்கலாம் என்பதை நம் பக்தி இலக்கியம் அனுமதித்திருக்கிறது. மகாபாரதத்திலும் அப்படியே. கதாயுதப் போரில் தொப்புளுக்குக் கீழே அடிக்கக் கூடாது. பீமன் துரியோதனனின் தொடையில் அடிக்கிறான். வென்றது தர்மத்தின் பக்கம் என்பதற்காக வியாசர் அதை மறைக்கவில்லை. இருவருக்கும் ஆசானான பலராமர் கோபத்தோடு எழுந்து நிற்பதைப் பதிவு செய்கிறார். ஃபவுல் ஃபவுல்தான், யார் செய்தாலும் ஸ்கோர் ஷீட்டில் அது எழுதப்பட வேண்டும்.

ஆனால் வாலி கதையில் பட்டிமன்றங்கள் அதிகம் பேசாத இன்னொன்று இருக்கிறது. வாலியின் வரம். எதிரே நின்று பொருகிறவரின் வலிமையில் பாதி அவனுக்கு வந்துவிடும். அந்த வரத்தோடு அவன் போட்ட ஒவ்வொரு சண்டையையும் நினைத்துப் பாருங்கள். எதிராளி பாதியாகிவிடுவான், இவன் ஒன்றரையாகிவிடுவான். யாரும் அவனை வெல்ல முடியவில்லை. ஆனால் அவன் யாரையாவது உண்மையில் வென்றானா? ஒரு முழு மனிதனோடு, ஒரு முழு வீரனோடு அவன் மோதியதே இல்லை. தன் பலம் எவ்வளவு என்று கடைசி வரையில் வாலிக்கே தெரிந்திருக்காது. வரமாக வாங்கியது அவனுடைய வீரத்தையே அளக்க முடியாததாக்கிவிட்டது.

இதற்கு நேர் எதிரான காட்சியையும் கம்பரே தருகிறார். யுத்த காண்டத்து முதல் நாள் போரில் இராவணன் தேரை இழந்து, ஆயுதம் இழந்து, மகுடம் இழந்து வெறுங்கையோடு நிற்கிறான். ராமன் அவனை அப்போதே முடித்திருக்கலாம். போய்விட்டு நாளைக்கு வரச் சொல்லி அனுப்புகிறான். இதைக் கருணை என்று சொல்வார்கள். கருணையோடு இன்னொன்றும் அதில் இருப்பதாக நான் படிக்கிறேன். பாதி இராவணனை வெல்ல ராமனுக்கு விருப்பமில்லை. முழு இராவணன் வேண்டும். வாலி எதிராளியைப் பாதியாக்கித்தானே வாழ்ந்தான். ராமன் பாதியான எதிராளியை முழுதாக்கி வரச் சொன்னான். வாலியை மறைந்து கொன்ற அதே ராமன்தான் இவன் என்ற முரணைத் தீர்த்துவைக்க எனக்குத் திராணி இல்லை. ஆனால் எந்த ராமனைப் பார்த்து ஆட வேண்டும் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை.

நல்ல விளையாட்டு உணர்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எதிரே நிற்பவர் முழு பலத்தோடு இருக்க வேண்டும் என்று உள்ளபடியே விரும்புவது. பட்டதைப் பட்டது என்று சொல்வதும் இதன் ஒரு பகுதிதான். அவள் சம்பாதித்த புள்ளியை மறைத்தால் அவளுடைய பலத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். நடுவரை விலைக்கு வாங்குவது, வயதைக் குறைத்துச் சான்றிதழ் கொடுத்துப் பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளோடு இறக்குவது, ரெய்டு போகிறவளைச் சாதிப் பெயர் சொல்லிக் கூட்டத்திலிருந்து கத்தி நிலைகுலைய வைப்பது, எல்லாம் வாலியின் வரம்தான். எதிராளியைப் பாதியாக்குகிற வழிகள்.

இந்த விருப்பம் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடம் கபடிக் களத்தில் உண்டு. வெயிலில் ஆடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ரெய்டு வந்த பெண் எங்கள் பாதியிலேயே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு துடிப்பாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். அவளுக்கு அருகில் நிற்பவர்கள் அவளுடைய அணியினர் அல்லர், எதிரணியினர். அதுவரைக்கும் அவள் கணுக்காலை இரண்டு கையாலும் வளைத்துத் தரையோடு இழுத்த அதே மூலைப் பெண் குனிந்து, அவள் முழங்காலை நேராக்கி, குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறு கையால் கால்விரல்களை முட்டிப் பக்கமாக மெல்ல அழுத்துவாள். இறுகின சதை இளகும்வரை அழுத்திக்கொண்டே இருப்பாள். மண் ஒட்டிய அதே கைகள், அதே கால். பிறகு இருவரும் எழுந்து அவரவர் இடத்துக்குப் போவார்கள். விசில் ஊதியதும் மறுபடி அந்தக் கணுக்காலைத்தான் இவள் தேடுவாள். முன்னைவிட மூர்க்கமாகத் தேடுவாள். இந்த இரண்டு செயலுக்கும் நடுவே முரண் எதுவும் இல்லை என்பது களத்தில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். சதை பிடித்துக்கொண்டவளைப் பிடிப்பதில் என்ன இருக்கிறது?

இவ்வளவையும் ஆட்டக்காரர்கள் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. விசில் பிடித்தவள் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். 28-28 என்று சமமாக நிற்க, ஒரு நிமிடம் போலத்தான் பாக்கி. ரெய்டு போன பவன் செராவத் யாரையும் தொடாமலே, களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தார். அவரைத் தொடர்ந்து ஈரான் தடுப்பாளர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி தொடாமல் லாபிக்குள் வந்த எல்லாரும் அவுட். புதிய விதிப்படி ரெய்டர் மட்டும் அவுட். எந்த விதி என்பதில் தீர்ப்பு மாறி மாறி வந்தது. ஆட்டம் நெடுநேரம் நின்றது, வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இந்தியா 33-29 என்று வென்றது. அங்கே எந்த வீரரும் பொய் சொல்லவில்லை. எந்த விதி என்பதில்தான் தகராறு. விதியை நடத்துகிறவர்கள் ஆட்டத்துக்கு முன்பே ஒரே குரலில் பேசியிருந்தால், வென்றவர்களின் தங்கத்தின் மீது நிழல் விழுந்திருக்காது, தோற்றவர்களின் மனதில் கசப்பும் தங்கியிருக்காது. வீரர்களிடம் பெருந்தன்மை எதிர்பார்க்கிற அமைப்புகள் முதலில் தெளிவைக் கொடுக்க வேண்டும்.

பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவுக்கு இலக்கு 271. சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 எடுத்து வெற்றியின் வாசல் வரை கொண்டுபோனார். அவர் போனதும் மீதி விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. 258-இல் எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்த சக்லைன் முஷ்டாக்கும் அவருடைய தோழர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடியபோது, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டு நாடுகளுக்கும் நடுவே என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள்தான் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குத் தோல்வி வலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வலித்தது, அதோடு எதிரணியின் திறமை கண்ணில் பட்டது, பட்டதைப் பட்டது என்றார்கள். ரசிகர்களும் அன்றைக்கு மூலைப் பெண்ணைப் போலக் கை உயர்த்தினார்கள் என்றே நான் சொல்வேன்.

இனி அந்த அப்பாவுக்கு வருகிறேன். அவர் கேட்டதற்கு அடியில் அவர் கேட்காத இன்னொரு கேள்வி இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வயல் வேலைக்குப் போகிற குடும்பம். மாவட்டத்துக்குப் போய், மாநிலத்துக்குப் போய், ஒரு சான்றிதழ் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும். பிறகு போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கலாம். ஒரு புள்ளி அவர்களுக்கு வெறும் புள்ளி இல்லை, ஒரு வாழ்க்கைக்குப் போகிற பாதை. வயிறு நிறைந்தவர்கள் பெருந்தன்மையாகத் தோற்கலாம், எங்களால் முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. நேர்மை வசதியுள்ளவர்களுக்கான பண்டமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத விளையாட்டு அறம் எதுவும் எனக்கு வேண்டாம். நான் அவரை எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனேன். ரெய்டு வந்த பெண்ணின் அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார், நடவு வயலிலிருந்து நேராக வந்தவர், கெண்டைக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. “இவங்க பிள்ளையும் அதே சர்ட்டிபிகேட்டுக்குத்தான் வந்திருக்கு” என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்கவும் இல்லை.

ஏழைப் பிள்ளையால் நேர்மையாக இருக்க முடியுமா என்று கேட்கும்போது, எதிரே நிற்பதும் ஓர் ஏழைப் பிள்ளைதான் என்பதை மறந்துவிடுகிறோம். பட்டதை மறைத்து நான் எடுத்துக்கொள்கிற புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. என்னைப் போலவே அதிகாலையில் எழுந்து ஓடி, என்னைப் போலவே பழைய சோறு சாப்பிட்டு வந்த ஒருத்தியின் கையிலிருந்து வருகிறது. வசதியானவர்களின் நேர்மை அவர்களுக்கு அழகு என்றால், எங்கள் பிள்ளைகளின் நேர்மை எங்கள் பிள்ளைகளுக்கே பாதுகாப்பு. நாளைக்கு இன்னொரு மைதானத்தில், அம்பயர் பார்க்காத இன்னொரு நொடியில், என் பிள்ளையின் விரல் பட்ட முதுகு வேறொருத்தியுடையதாக இருக்கும். அவள் கை உயர்த்துவாள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் என் பிள்ளையின் உழைப்புக்கு எந்த மைதானத்திலும் மதிப்பில்லை. அந்த நம்பிக்கையை எந்தச் சங்கமும் அரசாணை போட்டு உண்டாக்க முடியாது. ஒருத்தி முதலில் கை உயர்த்தினால்தான் அடுத்தவளுக்கு அது சாத்தியம் என்றே தெரியும். முதலில் உயர்த்துகிறவள் நட்டப்படத்தான் செய்வாள். அந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்கிறவளை நான் ஆட்டக்காரி என்பேன். அவளைத் திட்டாமல் காப்பது ஆசிரியர், பெற்றோர், ஊர் எல்லாருடைய கடமை.